ஈசான மூலையில் நீலப் பொட்டு

டிசம்பர் 3, கோத்தகிரி

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். போன ஆடியில் சுவர் இடுப்பு உயரம் வந்திருந்தபோதே சொன்னேன்: "அம்மிணி, இந்த வீடு கூரை வரைக்கும் ஜோரா வரும். தரைக்கு வர்றப்போ ஆளில்லாம நிக்கும். அன்னிக்கு இந்த மாமனைத்தான் தேடுவே." அப்படியே ஆயிற்று. சுவர் எழும்பியது, கூரை ஏறியது, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வந்தது. தரை வேலை வந்ததும், சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பையன் கல்யாணம் முடித்து குன்னூரில் மாமனார் வீட்டோடு போய்விட்டான்.

வஞ்சிக்கொடி நேற்று போன் போட்டாள். "மாமா, ஒரு மாசம் வந்து சைட்ல உக்காந்திருக்க முடியுமுங்களா? நான் மத்த வேலைக்கும் ஓடோணும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

சும்மா உட்கார்ந்திருப்பதில் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். மேட்டுப்பாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்காக விவரம் எழுதி வைக்கிறேன். வஞ்சிக்கொடி என் அக்கா மகள். அக்கா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பெண் ஆர்க்கிடெக்ட். மாப்பிள்ளை சிவநேசன் தேயிலை ஃபேக்டரியில் ஆபீசர். ஒவ்வொரு வார்த்தைக்கும் வரி கட்டுகிறவர் மாதிரிதான் பேசுவார். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்கள். டீத்தோட்டத்தை ஒட்டிச் சொந்தமாக ஒன்று கட்டுகிறார்கள். சாதா வீடு இல்லை, ஃபிளாஸ்க் மாதிரி வீடு. உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது. உறைபனி விழுகிற காலையிலும் ஹீட்டர் போடாமல் பனியனோடு உட்காரலாமாம். சுவருக்கும் கூரைக்கும் ஸ்வெட்டர் போட்டாயிற்று. தரைக்கு சாக்ஸ் மாட்டுவதுதான் பாக்கி. அதற்குத்தான் நான்.

டிசம்பர் 4

கொத்தனார் துரைராஜிடம் என் தகுதியைச் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு வைக்கிற குளிர்கிடங்குக்குத் தரை போட்டதே நான்தான், தரைக்கு அடியில் தெர்மோகோல் வைக்க யோசனை சொன்னதும் நான்தான், ஒரு ஜெர்மன் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

துரைராஜ் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "ஜெர்மன்காரன் எதுக்குண்ணா மேட்டுப்பாளையத்துக்கு வந்தான்?"

"ஊட்டிக்குப் போற வழியில."

நம்பிவிட்டான். நானும் பாதி நம்பிவிட்டேன்.

(கிடங்கில் நான் மூட்டைக்கு டோக்கன் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அத்தனை வருஷமும் அந்தத் தரைமேல்தான் நின்றேன். தரையைப் பற்றி அதன்மேல் நின்றவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?)

டிசம்பர் 6

இன்றைக்குப் பாடம். ஜல்லி பரப்பி, மணல் பரப்பி, மட்டம் பார்த்தாயிற்று. அடுத்தது என்னென்ன என்று வஞ்சிக்கொடி எனக்கும் துரைராஜுக்கும் நின்றுகொண்டு விளக்கினாள். மணல்மேல் தடிமனான பாலித்தீன், மண்ணின் ஈரம் மேலே வராமல் இருக்க. அதன்மேல் நீலக் கலரில் கெட்டியான தெர்மோகோல் பலகை இரண்டு அடுக்கு. சுவரோரம் சுற்றிலும் ஒரு பட்டை. அதற்கும் மேல் மெல்லிசாக இன்னொரு ஷீட். கடைசியில் கம்பி வலை, காங்கிரீட், மேலே சிவப்புப் பூச்சாக ரெட் ஆக்சைடு.

"கீழிருந்து குளிர் ஏறாம இருக்கறதுக்கு," என்றேன், புரிந்துவிட்டது என்று காட்ட.

"குளிர்னு ஒண்ணு ஏறாதுங்க மாமா. சூடுதான் கீழ போகுது."

"அப்ப என்ற காலு ஏன் சில்லுங்குது?"

"உங்க காலோட சூட்டைத் தரை எடுத்துக்குது."

அதாவது தரை திருடுகிறது. இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம். கிடங்கில் இருந்தவனுக்குத் திருட்டு என்றால் சட்டென்று புரியும்.

"எங்காச்சும் ஒரே ஒரு ஓட்டை இருந்தாக்கூடப் போதும் மாமா. அது வழியாப் போயிரும். ஈரமும் ஏறிரும். ஃபிளாஸ்க்குக்கு மூடி லூஸா இருக்கற மாதிரி."

நான் பலமாகத் தலையாட்டினேன். நான் பலமாகத் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். மகளுக்கு இன்னும் பழகவில்லை.

டிசம்பர் 7

மழை. வேலை இல்லை. டீயில் தோய்த்து நான்கு வர்க்கி பிஸ்கட் சாப்பிட்டேன். ஆறு என்கிறார் மாப்பிள்ளை.

டிசம்பர் 9

தெர்மோகோல் பலகைகள் லாரியில் வந்து இறங்கின. இறக்கி முடிக்கவும் டீச்செடிகளுக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வந்து நின்றது. ஜீப் அளவு இருக்கும். பலகைக் கட்டை முகர்ந்து பார்த்தது. ஒரு மிதி மிதித்தால் அத்தனையும் தூள்.

நான் துண்டை உதறி, அதன் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, "போ" என்றேன். போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் இதை வஞ்சிக்கொடியிடம் சொன்னபோது துரைராஜ் குறுக்கே வந்தான். "ஆமாங்க மேடம். அண்ணன் லாரி மேல இருந்து சொன்னாரு. லாரி டிரைவருக்கே ஏணி வேணும், அண்ணன் எப்படி ஏறினாருன்னு இன்னும் தெரியல."

அவள் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறியது. என் தயவில் அந்த வீட்டில் முதல் சிரிப்பு. தரையே இல்லாத வீட்டில்.

டிசம்பர் 10

கிடங்கிலிருந்து கணக்குப்பிள்ளை போன் செய்தார். "நாச்சிமுத்து, பொங்கலுக்கு முன்னாடி மாடி ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. மொதலாளி மகன் கட்டடத்தையே இடிக்கறாரு."

இடிக்கட்டும். ரிட்டயர் ஆன பிறகும் அந்த ரூமில் நான் தங்கியிருந்ததே அவர்களுக்காகத்தான். எனக்கென்ன, போக ஆயிரம் இடம் இருக்கிறது. ஒன்று பழனி போகிற வழியில் ஒரு மடம். மற்றவை ஞாபகம் வரும்போது எழுதுகிறேன். கல்யாணம் செய்துகொண்டிருந்தால் வீடு வாசல் என்று ஒரு தொல்லை இருந்திருக்கும். வந்த மூன்று சம்பந்தத்தையும் வேண்டாமென்று சொன்னவன் நான். (இரண்டில் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.)

சாயங்காலம் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மாடியில் இரண்டு ரூம். கீழே ஹால், சமையலறை, பின்னால் வடகிழக்கில் சின்னதாக ஒன்று. காலால் அளந்து பார்த்தேன், சும்மாதான். ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஆள் சரியாகப் பிடிக்கும்.

"இது எதுக்கு அம்மிணி?"

"என்ற ஆபீஸுங்க மாமா."

"நல்ல யோசனை," என்றேன். கிழக்கே ஜன்னல். காலை வெயில் நேராகத் தலையணைக்கு வரும். ஆபீஸில் தலையணை எதற்கு என்று என்னைக் கேட்கக் கூடாது.

டிசம்பர் 12

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தரை போடுமுன் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், மண்ணுக்குள் ஒரு முடிச்சு வைப்போம். பஞ்சலோகத் தகடு ஒன்று, நவதானியம் ஒரு பிடி, அதோடு அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு விரலி மஞ்சள். அக்கா கல்யாணமாகிப் போன வீட்டுக்கு எங்கள் அப்பா வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன்.

"அம்மா சொல்லிக் கேட்டிருக்கறேன்," என்றாள் வஞ்சிக்கொடி. "வைக்கலாமுங்க மாமா. ஆனா மண்ணுல வேண்டாம். பாலித்தீனை அறுக்கவே கூடாது. வாசல் நிலைக்கு மேல ஒரு குழி விடச் சொல்லறேன், அங்க வச்சுக்கலாம்."

"நிலை மேல வெச்சாப் பல்லிக்குத்தான் தெரியும். மண்ணைத் தொடோணும் அம்மிணி. இல்லாட்டி இன்னின்னார் இங்க குடியிருக்கறாங்கன்னு பூமிக்கு எப்படித் தெரியும்?"

"பூமிக்குத் தெரியறதுக்காகத் தரையில ஓட்டை போட முடியுமா மாமா? நான் ஊருக்கெல்லாம் இந்த மாதிரி வீடு கட்டலாம்னு சொல்லிட்டு இருக்கறேன். குன்னூர்ல இருந்து ஒரு குடும்பம் பார்த்துட்டு முடிவு பண்ணறேன்னு சொல்லியிருக்கறாங்க. என்ற வீட்டுலயே ஓட்டைன்னா எப்படி?"

மாப்பிள்ளை அன்றைய கோட்டாவைச் செலவழித்தார். "மாமா, தரையில கை வெக்காதீங்க."

"நான் எதுக்குங்க மாப்ள கை வெக்கப் போறேன்," என்றேன்.

டிசம்பர் 13

கடைவீதியில் பழனிசாமி நாட்டுமருந்துக் கடைவரை ஒரு நடை. சும்மா காற்றாட.

டிசம்பர் 14

இரண்டு அடுக்கும் பரப்பி மெல்லிசு ஷீட்டும் விரித்தாயிற்று. நீலமாக, குளம் மாதிரி இருந்தது. துரைராஜும் சித்தாள் பெண்களும் மத்தியானம் சாப்பிட வாசல் பக்கம் உட்கார்ந்தார்கள். வஞ்சிக்கொடி காங்கிரீட் மிக்சருக்குச் சொல்லப் போயிருந்தாள். நான் உள்ளே காவல்.

அக்கா இருந்திருந்தால் அவளே கேட்டிருப்பாள், "டேய், முடிச்சு வெச்சியா?" என்று. நான் என்ன பதில் சொல்வேன்? இவர்கள் படித்தவர்கள், இவர்களுக்குத் தெரியாது. ஒரு ஜாண் சதுரம். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு ஜாண். காய் நறுக்குகிற கத்திக்கு அந்தப் பலகை வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. பாலித்தீன்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. முடிச்சை மண்ணில் பதித்து, சுற்றி மணலை இட்டு நிரப்பி, மேலே மெல்லிசு ஷீட்டை இழுத்து மூடினேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் போனதுதான் வருத்தம்.

மஞ்சள் எத்தனை வைக்க வேண்டுமோ அத்தனை வைத்தேன்.

டிசம்பர் 15

காங்கிரீட் போட்டாயிற்று. நான்தான் மேற்பார்வை. "கம்பியை மிதிக்காதேண்ணா" என்று துரைராஜ் ஒன்பது தடவை சொன்னான். அவனுக்குப் பதட்டம்.

டிசம்பர் 21

காங்கிரீட் இறுகுவதற்காகத் தினம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது என் வேலை. ஆபீஸ் ரூமுக்கு முதலில் விடுகிறேன். நேற்று மாப்பிள்ளை வந்து வாசலில் நின்று பார்த்தார். "மாமா, ஒரு மாசம்னு சொன்னோம், உங்களுக்கு அங்க வேலை ஒண்ணும் கெடலையே?" என்றார். ஏகப்பட்ட வேலை இருக்கிறது, இருந்தாலும் உங்களுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்றேன். பாவம், மறுபடி மறுபடி நன்றி சொன்னார். (ஒரு தடவை. அதுவும் தலையாட்டல்.)

டிசம்பர் 30

கணக்குப்பிள்ளை மறுபடியும் போன். எடுக்கவில்லை. மலைமேல் டவர் சரியில்லை.

ஜனவரி 4

ரெட் ஆக்சைடு போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி மெருகேற்றியாயிற்று. முகம் தெரிகிறது. குனிந்து பார்த்தேன், தெரிந்த முகம் அவ்வளவு உற்சாகமாக இல்லை. எண்ணெய் அப்படிக் காட்டியிருக்கும்.

தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறார்கள். அதற்கு முந்திய வாரம் கிடங்கு ரூமைக் காலி செய்தாக வேண்டும். பழனி மடத்தில் யாரையும் எனக்குத் தெரியாது என்பது இன்று காலை பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது.

ஜனவரி 8

விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை. வஞ்சிக்கொடி நேற்று மாலையே புது வீட்டில் ஹீட்டர்களை ஓடவிட்டிருந்தாள், பரீட்சைக்காக. பொழுது விடிந்ததும் செல்போனில் ஒரு சின்னக் கேமராவை மாட்டிக்கொண்டு வந்தாள். அது சூட்டைப் படம் பிடிக்குமாம். சூடு மஞ்சள், சிவப்பு. குளிர் நீலம்.

முதலில் என்னைப் பிடித்தாள். மூக்கும் காதும் நீலம், வயிறு மட்டும் செக்கச் செவேல். "மாமா, இந்த வீட்டுலயே நல்லா இன்சுலேஷன் பண்ணியிருக்கற இடம் இதுதானுங்க," என்றாள். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். வரி எவ்வளவு ஆயிற்றோ.

ஹால் முழுக்க மஞ்சள். சமையலறை மஞ்சள். வெறுங்காலோடு நடந்தேன், பூனை மேல் நடக்கிற மாதிரி வெதுவெதுப்பு. வஞ்சிக்கொடி குழந்தை மாதிரி குதித்தாள். அப்புறம் பின்னால் இருக்கும் ரூமுக்குப் போனாள்.

ஈசான மூலையில் ஒரு நீலப் பொட்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு.

அவள் மண்டியிட்டுக் கையை வைத்துப் பார்த்தாள். "ஈரம் வேற இருக்குதுங்க." ஆமாம், அந்த இடத்தில் சிவப்பு கொஞ்சம் கருத்துத்தான் இருந்தது.

நான் உடனே காரணங்களை எடுத்து வைத்தேன். ஒன்று, நிலத்தடி ஊற்று. நீலகிரியில் தோண்டுகிற இடமெல்லாம் ஊற்று. இரண்டு, காட்டெருமை. அன்றைக்கு லாரி பக்கத்தில் வந்தது, பலகையை மிதித்திருக்கலாம். மூன்றாவதாக என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் துரைராஜ் வந்துவிட்டான். படத்தைப் பார்த்தான். முகம் தொங்கிப் போயிற்று.

"ஷீட்டு ஜாயிண்ட்ல நம்ம ஆளுங்க டேப்பு சரியா ஒட்டலையோ என்னமோ மேடம். என் தப்புதான். உடைச்சுப் பார்த்துச் சரி பண்ணிக் குடுத்துடறேன். கூலி வேண்டாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் சரித்திரத்தில் இது முதல் தடவை என்பதால் தேதியோடு குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 9

பையை மடித்து வைத்தேன். சும்மா. சட்டைகள் கசங்காமல் இருக்க.

துரைராஜ் காலையில் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இருபது வருஷமாத் தரை போடறேன், இப்படி ஆனதில்லண்ணா. நீங்கதான் பக்கத்துலயே இருந்தீங்களே, நான் எங்கயாச்சும் விட்டனா?" என்றான். டீ சுட்டுவிட்டது. நாக்கு வெந்ததால் அவனுக்கும் சேர்த்து டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இதெல்லாம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். மாப்பிள்ளை சொல்லியும் கை வைத்தவன். குன்னூர்க்காரர்கள் முன்னால் அவள் மானத்தை வாங்கியவன். அப்படிப்பட்டவனை யாராவது பால் காய்ச்சுகிற வீட்டில் வைத்துக்கொள்வார்களா? பஸ் ஏற்றி விடுவதே மரியாதை. தெரியாமல் இருந்தால் மட்டும் என்ன, அப்போதும் பஸ்தான். ஆனால் சிரித்த முகத்தோடு ஏற்றி விடுவார்கள்.

ஜனவரி 10

இன்றைக்கு உடைத்தார்கள். இதை நடந்தபடியே எழுதுகிறேன். அலங்கரிக்க எனக்குத் தெம்பில்லை.

துரைராஜ் உளியை எடுத்து சுவரோரமாகக் குறி போட்டான். ஜாயிண்ட் அங்கேதான் வருகிறது என்பது அவன் கணக்கு. சுத்தியலை ஓங்கினான். அத்தனை மெருகேற்றிய தரை. அவன் வைத்த இடம் சுத்தமாகத் தப்பு. அங்கே உடைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று பக்கத்திலும் உடைப்பான். ஆபீஸ் ரூம் முழுக்கக் குதறி விடுவான். ஒருத்தன் கண்ணெதிரில் தப்பாக வேலை செய்தால் எனக்கு எப்போதுமே பொறுக்காது.

"அங்க இல்லைய்யா," என்றேன். "இந்தப் பக்கம் ஒரு ஜாண் தள்ளு. இன்னும் கொஞ்சம். ஆ, அங்க."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. துரைராஜ், வஞ்சிக்கொடி, மாப்பிள்ளை மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஊற்று அங்கதான் இருக்கும்னு தோணுது," என்றேன்.

துரைராஜ் நான் சொன்ன இடத்தில் உடைத்தான். காங்கிரீட் வில்லை பெயர்ந்தது. மெல்லிசு ஷீட், மணல், பிறகு சதுரமாக அறுத்த நீலப் பலகையின் ஓரம். அளவெடுத்த மாதிரி நேரான வெட்டு. அதைப் பார்த்து யாரும் பாராட்டவில்லை. ஈரத் துணி முடிச்சு ஒன்று வந்தது.

"அடப் பாவி அண்ணா!" என்றான் துரைராஜ். "ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மன்னிச்சுக்கோ துரைராஜ்" என்பதுதான் வந்தது. அதற்கு முன்னோ பின்னோ ஒரு ஜெர்மன்காரன்கூட உதவிக்கு வரவில்லை.

வஞ்சிக்கொடி முடிச்சைப் பிரித்தாள். தகடு பச்சை பாரித்திருந்தது. தானியமெல்லாம் முளைவிட்டிருந்தது. (பூசணம் என்கிறான் துரைராஜ்.) மஞ்சளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"மூணு இருக்குதுங்க மாமா."

"ஆமா."

"நாங்க ரெண்டு பேருதானுங்களே?"

"அது... ஒண்ணு புள்ளையாருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் என்னிடம் எப்போதும் ரெடியாக இருக்கும். அவள் மூன்றையும் முந்தானையில் துடைத்து ஜன்னல் கட்டையில் வெயில் படும்படி வைத்தாள். "சரிங்க மாமா. காயட்டும்," என்றாள். "துரைராஜண்ணா, குழியும் காயோணும். நாளைக் கழிச்சு அடைச்சுக்கலாம்."

மாப்பிள்ளை மட்டும் வெளியே போகும்போது நின்றார். "சொன்னேனுங்களே மாமா."

ஜனவரி 11

பையைப் பிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளையின் போனை எடுத்தேன். திங்கட்கிழமைக்குள் சாவி வேண்டுமாம். தருகிறேன் என்றேன்.

ஜனவரி 12

இன்றைக்கு நடந்தது பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது.

குழியை அடைக்கிற நாள். குன்னூர்க்காரக் குடும்பமும் வந்திருந்தது. துரைராஜ், மாப்பிள்ளை எல்லோரும் சுற்றி நின்றார்கள். பாலித்தீனுக்குப் புதிதாக ஒட்டுப் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டினோம். பலகைத் துண்டை இடைவெளி இல்லாமல் வெட்டிப் பொருத்தியது என் கை. வஞ்சிக்கொடி எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர். எல்லோர் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க இல்லாம இந்த வீடு வீடாகாது. கிடங்கு ரூமைக் காலி பண்ணிட்டு இங்கயே வந்துருங்க. இந்த ரூம் உங்களுக்குத்தான். மாட்டேன்னு மட்டும் சொல்லீராதீங்க மாமா."

நான் மூன்று முறை மறுத்தேன். எனக்கு ஆயிரம் இடம் இருக்கிறது என்றேன். அவள் கெஞ்சினாள், மாப்பிள்ளை கெஞ்சினார், குன்னூர் அம்மாள்கூட "இருங்களேன்" என்றார். கடைசியில், போகட்டும், சின்னஞ்சிறுசுகள் ஆசைப்படுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இன்னொரு தரம் படித்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள்.

ஆனால் குன்னூர்க்காரர்கள் இன்றைக்கு வரவில்லை, நாளைக்குத்தான் வருகிறார்கள். அது சின்ன விஷயம். மாப்பிள்ளை ஃபேக்டரியில் இருந்தார், அதுவும் சின்ன விஷயம். துரைராஜ் டீ குடிக்கப் போயிருந்தான். ரூமில் நானும் அவளும்தான். அவள் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் டேப் சுருளைப் பிடித்துக்கொண்டு எதிரில் குந்தியிருந்தேன், முழங்கால் வலியோடு. அவள் அழவில்லை. என் கையைப் பிடிக்கவில்லை. வந்துவிடுங்கள் என்று அவள் சொல்லவே இல்லை.

"அம்மிணி," என்றேன். "நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"டேப்பை இழுத்துப் புடிங்க மாமா."

இழுத்துப் பிடித்தேன். அவள் பல்லால் கடித்து அறுத்து, ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"இதை ஆடியிலயே கேட்டிருக்கலாமுங்கல்ல? ஆபீஸை அப்பவே மாடிக்கு மாத்தியிருப்பேன். இப்பப் பாருங்க, பிளக் பாயிண்ட் எல்லாம் மேசைக்குத் தோதா வெச்சிருக்குது. கட்டிலுக்குப் பக்கத்துல ஒண்ணுகூட இல்ல. உங்க போனை எங்க போட்டு சார்ஜ் ஏத்துவீங்க?"

எழுந்து போய்ச் சுவரில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டாள். தலையணை வருகிற பக்கம்.

பிளக் பாயிண்ட் விஷயம் அப்படியே நடந்தது, ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மேலே அவள் கெஞ்சினாள் என்று எழுதியிருப்பதுதான் என் கைச்சரக்கு. மூன்று தடவை மறுத்ததும் இல்லை. கேட்டது நான்.